கார் சிடி பிளேயர் பாடவில்லையா? மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

எங்கள் வீட்டில் 2006-ல் வாங்கிய கார் இன்னும் ஓடுகிறது. அதிலிருக்கும் சிடி பிளேயரை மூன்று தடவை "போச்சு சார், புதுசு போட்டுருங்க" என்று கடைகளில் சொல்லிவிட்டார்கள். முதல் தடவை லென்ஸில் தூசி. இரண்டாவது தடவை சிடியை இழுக்கும் ரப்பர் வழவழத்துப் போயிருந்தது. மூன்றாவது தடவை நிஜமாகவே லேசர் போயிருந்தது, அதை மட்டும் மாற்றினேன், செட் இன்றும் பாடுகிறது. அப்பா சேர்த்து வைத்த சிடிக்கள் எல்லாம் அந்த காரில்தான் இருக்கின்றன என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிடி போட்டால் "நோ டிஸ்க்" அல்லது "எரர்" என்று வருகிறது. செட் அவ்வளவுதானா?

முதலில் ரேடியோ போட்டுப் பாருங்கள். ரேடியோ நன்றாகப் பாடினால் கரன்ட் வருகிறது, ஆம்ப்ளிஃபயர் வேலை செய்கிறது, ஸ்பீக்கர்களும் சரி. அப்படியென்றால் கோளாறு சிடியிலோ சிடி ஓடும் பகுதியிலோதான் இருக்கிறது, அந்தப் பகுதி செட்டுக்குள் ஒரு தனிப் பெட்டி போல இருக்கும், மற்றதைத் தொடாமலே அதைச் சரி செய்யலாம்.

அடுத்து, கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடி, கீறல் இல்லாதது, இரண்டு மூன்று போட்டுப் பாருங்கள். ஒன்று பாடி இன்னொன்று பாடவில்லை என்றால் சிடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். எதுவுமே பாடவில்லை என்றால்தான் செட்.

திரையில் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பயனியர் செட்களின் கையேட்டில் எரர் 11, 12, 17, 30 என்றால் முதலில் சிடி அழுக்கா, கீறலா என்று பார்க்கச் சொல்கிறார்கள். எரர் 15 என்றால் சிடி காலி. எரர் 10 வந்தால் மின்சாரக் கோளாறாகவோ உள்ளே இயங்கும் பாகத்தின் கோளாறாகவோ இருக்கலாம். டொயோட்டா செட்டில் "வெயிட்" என்று வந்தால் உள்ளே சூடு ஏறிவிட்டது, ஆறட்டும் என்று அர்த்தம். வெயிலில் நிறுத்தி வைத்த காரை எடுத்தவுடன் இதைப் பார்த்துப் பயந்து மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம், ஏசி போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள்.

சிடியை எப்படித் துடைப்பது? கீழ்ப்பக்கம் கீறல் இருந்தால் வீணா?

நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் துணியில் இருக்கும் மண் ஒரே தடத்தின் வழியே நீளமாகக் கீறிவிடும், நேராக விழுந்த கீறலைத் தாண்டிப் படிப்பதுபோல் அதைத் தாண்டிப் படிக்க செட்டுக்கு முடியாது.

பலர் கவனிக்காத ஒன்று: பாட்டு பதிந்திருக்கும் படலம் கீழ்ப்பக்கத்தை ஒட்டி இல்லை, மேலே பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது. சிடியின் கனம் 1.2 மி.மீ., அதில் பெரும்பகுதி கீழே இருக்கும் தெளிவான பிளாஸ்டிக்தான். அதனால் கீழ்ப்பக்கக் கீறல் பல சமயம் பிழைத்துக்கொள்ளும், மேல்பக்கத்தில் பேனா முனை குத்தினால் அந்த இடம் போனது போனதுதான். சிடியை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே படலம் உதிர்ந்துவிட்டது.

ஒரிஜினல் பாடுகிறது, நாங்களே கம்ப்யூட்டரில் எழுதிய சிடி பாடவில்லை. ஏன்?

ஒரிஜினல் சிடி வெளிச்சத்தைக் குறைந்தது 70 சதவீதம் திருப்பி அனுப்பும். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வகை 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். லேசருக்கு வயதாகி வலு குறையும்போது முதலில் படிக்க முடியாமல் போவது இந்த மங்கலான சிடிக்கள்தான். எழுதிய சிடி நேற்றுவரை பாடி இன்று பாடவில்லை, ஒரிஜினல் மட்டும் பாடுகிறது என்றால் லென்ஸ் அழுக்கு அல்லது லேசர் களைப்பு, இரண்டில் ஒன்று.

எழுதும்போது செய்யும் தவறுகளும் உண்டு. டிஸ்க்கை முடித்து மூடாமல் (கம்ப்யூட்டரில் "ஃபைனலைஸ்" என்பார்கள்) விட்டால் கார் செட் படிக்காது. எம்பி3 பாட்டாக எழுதினால் செட்டின் முகப்பில் எம்பி3 என்று போட்டிருக்க வேண்டும், பழைய செட்டுக்கு ஆடியோ சிடியாகவே எழுத வேண்டும். மேலே காகித லேபிள் ஒட்டிய சிடியை மட்டும் காருக்குள் போடவே போடாதீர்கள். சூட்டில் பசை இளகி, லேபிள் சுருண்டு, உள்ளே சிக்கிக்கொள்ளும்.

பிரஷ் வைத்த லென்ஸ் கிளீனர் சிடி வாங்கிப் போடலாமா?

வேண்டாம் என்பேன். பல கார்களின் கையேட்டிலேயே லென்ஸ் கிளீனர் போடாதீர்கள் என்று எச்சரிக்கை இருக்கிறது. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது, அதன் மேல் பிரஷ் வேகமாக அடித்துக்கொண்டே சுற்றுவது நல்லதில்லை. லேசான தூசி போகும், சரி, ஆனால் நம் ஊர்க் கார்களில் படிவது வெறும் தூசி இல்லை, அகர்பத்தி புகையும் டேஷ்போர்டு பாலிஷும் சேர்ந்து ஒட்டிய பிசுக்கு. அது பிரஷுக்கு அசையாது.

நானே திறந்து துடைக்க முடியுமா?

முடியும், ஒரு மதியப்பொழுது ஒதுக்குங்கள். ஸ்க்ரூ டிரைவர் செட், காது குடையும் பஞ்சுக்குச்சி, ஐசோபுரோப்பில் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில் இருந்தால் போதும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இதெல்லாம் கிடைக்கும்.

காரைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றுவது. ஏர்பேக் உள்ள காரென்றால் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் சும்மா இருங்கள், டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கப்ளர் எதையாவது பார்த்தால் கை வைக்காதீர்கள், அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. (ரேடியோ கோடு, அதாவது பூட்டைத் திறக்கும் ரகசிய எண், கேட்கும் செட் என்றால் பேட்டரியைக் கழற்றும் முன் கீழே அதற்கான கேள்வியைப் படித்துவிடுங்கள்.) செட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஃப்ரேம் கிளிப்பில் நிற்கும், அதைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பினால் உள்ளே நான்கு போல்ட்டோ ஸ்க்ரூவோ தெரியும். ஐரோப்பிய வகைக் கார்களில் செட்டின் இரு ஓரங்களிலும் சின்னத் துளைகள் இருந்தால் அதற்கான சாவி தனியாக விற்கிறார்கள், அதைச் செருகி இழுக்க வேண்டும், ஸ்க்ரூ டிரைவரால் நோண்டாதீர்கள். செட்டை வெளியே எடுக்கும் முன் பின்னால் கப்ளர்கள் எப்படிச் செருகியிருக்கின்றன என்று ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து மேல்தகட்டைக் கழற்றுங்கள். சிடி ஓடும் பகுதி நான்கு மூலையிலும் ஸ்பிரிங்கிலும், எண்ணெய் அடைத்த ரப்பர்க் குமிழ்களிலும் மிதந்துகொண்டிருக்கும். அதன் நடுவே, துவரம் பருப்பு அளவில் கண்ணாடி போன்ற ஒரு துளி. அதுதான் லென்ஸ். நல்ல லென்ஸ் லேசாக நீலமோ ஊதாவோ அடிக்கும். எங்கள் காரில் அது பழைய மூக்குக்கண்ணாடி மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது. பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தொட்டு, ஒரு சொட்டுகூட வடியாதபடி துடைத்துவிட்டு, லென்ஸின் மேல் வட்டமாக இரண்டு சுற்று, அவ்வளவுதான். அழுத்தக் கூடாது. குச்சியின் எடையே போதும். அப்புறம் உலர்ந்த குச்சியால் இன்னொரு சுற்று. என் குச்சியின் நுனி பழுப்பாக வந்தது, சிடி போட்டதும் நான்கே நொடியில் முதல் பாட்டு ஆரம்பித்தது. அன்றைக்கு அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை.

திறந்த நிலையில் கரன்ட் கொடுத்துப் பார்க்க நேர்ந்தால் லென்ஸை நேராகக் குனிந்து பார்க்காதீர்கள். சிடி லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது, தெரியவில்லை என்பதற்காக அது கண்ணைச் சுடாமல் இருக்காது.

சிடி உள்ளே மாட்டிக்கொண்டது, வெளியே வரவில்லை.

கத்தி, ஸ்கேல், இடுக்கி எதுவும் வேண்டாம். செட்டை ஆஃப் செய்து, எஜெக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சாவியை ஆன் செய்து பாருங்கள், பல செட்கள் இதற்குத் துப்பிவிடும். இல்லையென்றால் முகப்பில் ஊசித் துளையாக ரீசெட் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் செட்டின் ஃப்யூஸைப் பத்து நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் சிடி பாதியில் நழுவி நழுவி நின்றால் இழுக்கும் ரப்பர் உருளை வழவழத்துவிட்டது. திறந்து, அதே ஆல்கஹாலால் ரப்பரைச் சுற்றித் துடைத்தால் பிடிப்பு திரும்பிவிடும். எங்கள் காரின் இரண்டாவது "மரணம்" இதுதான். சத்தமே இல்லையென்றால் உள்ளே வேறு ஏதோ சிக்கியிருக்கலாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் சிடி வாய்க்குள் காசு, டோல் ரசீது, ஐஸ்க்ரீம் குச்சி எதுவும் போயிருக்கலாம், இரண்டாவது சிடியே போயிருக்கலாம். செட்டைத் திறந்துதான் எடுக்க வேண்டும். 8 செ.மீ. சின்ன சிடிக்களையும் இப்படி வாய் வைத்த செட்டில் போடக் கூடாது.

பள்ளத்தில் இறங்கினால் குதிக்கிறது, மற்றபடி சரி.

மேலே சொன்ன ரப்பர்க் குமிழ் எண்ணெய் விட்டிருக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, யாரோ முன்பு கழற்றி மாட்டியபோது செட்டின் பின்பக்கத் தாங்கியைப் போடாமல் விட்டது. செட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அதுதான்.

முதல் சில பாட்டு பாடுகிறது, கடைசிப் பாட்டுகளில் திக்குகிறது.

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது, அதனால் கடைசிப் பாட்டுகள் ஓரத்தில் இருக்கும். விரல்ரேகையும் கீறலும் ஓரத்தில்தான் அதிகம், வேறு சிடி போட்டுப் பாருங்கள். எல்லா சிடியும் அதே இடத்தில் திக்கினால் லேசர் நகரும் தண்டில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. பழையதைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்கு ஒத்துவரும் கிரீஸை ஊசி முனை அளவு தடவினால் தீரும்.

செட்டில் வெளிச்சமே இல்லை.

ஃப்யூஸ். காரின் ஃப்யூஸ் பெட்டியில் ஒன்று, பல செட்களில் பின்னாலேயே இன்னொன்று, பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். போட்டவுடன் மறுபடி எரிந்தால் பெரிய ஃப்யூஸ் போட்டு ஓட்டப் பார்க்காதீர்கள், வயரிங் தீப்பிடிக்கும் வழி அது. எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

பேட்டரி மாற்றியதும் "கோடு" கேட்கிறது.

திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு. ஹோண்டா, ஃபோர்டு, ஃபோக்ஸ்வேகன் போன்றவற்றின் பல மாடல்களில் இருக்கிறது. கையேட்டுடன் வந்த சின்ன அட்டையில் எண் இருக்கும், கிளவ் பாக்ஸின் உட்பக்கத்தில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். கிடைக்கவில்லையென்றால் ஹோண்டா, ஃபோர்டின் பல செட்களில் 1, 6 இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் (ஹோண்டாவில் அழுத்தியபடியே ஆன் செய்ய வேண்டும்) செட்டின் வரிசை எண் திரையில் வரும். அதையும் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு டீலரிடம் போங்கள். தோன்றிய எண்ணையெல்லாம் அடித்துப் பார்த்தால் செட் முழுதாகப் பூட்டிக்கொள்ளும்.

லேசரை மட்டும் மாற்ற முடியுமா?

முடியும். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது பாடி, சூடானதும் "நோ டிஸ்க்" என்று சொல்வது, துடைத்தும் சரியாகாதது, இவை லேசர் தளர்ந்ததற்கான அறிகுறிகள். லேசர் பகுதியின் பக்கவாட்டில் எண் அச்சிட்டிருக்கும், அதே எண்ணில்தான் வாங்க வேண்டும், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று வாங்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயத்தில் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். புது லேசர் வரும்போது நம் உடம்பின் நிலைமின்சாரம் அதைக் கொல்லாமலிருக்க, அதன் குட்டி போர்டில் இரண்டு புள்ளிகளை ஈயத்துளியால் சேர்த்து வைத்திருப்பார்கள். ரிப்பனை (தட்டையான கேபிளை) செருகிய பிறகு சால்டரிங் அயர்னால் அந்தத் துளியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் லேசர் எரியாது, "புது லேசரும் டூப்ளிகேட்" என்று திட்டிக்கொண்டே கடைக்குத் திரும்பிப் போவோம். அதே போர்டில் இருக்கும் திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் கொஞ்ச நாள் பாடிவிட்டு லேசர் ஒரேயடியாகப் போய்விடும், தொடாதீர்கள்.

எப்போது கைவிட்டுப் புதுசு போடலாம்?

செட்டுக்குள் வெள்ளத் தண்ணீர் புகுந்திருந்தால், அதே எண்ணில் லேசர் கிடைக்கவில்லையென்றால், பழுதுச் செலவு புது செட்டின் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடலாம். ஆனால் உங்கள் காரில் கடிகாரம், ஏசி அளவு, மைலேஜ் எல்லாம் அந்த செட்டின் திரையிலேயே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கழற்றியதும் அவையும் போய்விடும், அந்த மாதிரிக் கார்களில் நான் கடைசிவரை பழுது பார்க்கத்தான் சொல்வேன்.

எந்த அளவு செட் வாங்குவது?

முகப்பை அளந்து பாருங்கள். 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்றால் சிங்கிள் டின் (டின் என்பது கார் செட்களின் அளவுத் தரம்). உயரம் 100 என்றால் டபுள் டின். டொயோட்டா கார்கள் பலவற்றில் அகலம் 200 இருக்கும், இரு பக்கமும் இடைவெளியை அடைக்கத் துண்டு வேண்டும். டேஷ்போர்டோடு வளைந்து இணைந்த செட் என்றால் அந்த மாடலுக்கான ஃப்ரேம் தனியாக வாங்க வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் இவை கிடைக்கும், மாடல் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

வயரிங்கில் என்ன கவனிக்க வேண்டும்?

இதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. எங்கள் உறவினர் ஒருவரின் காரில் ஒரு கடைக்காரர் கம்பெனி கப்ளரைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார். வெயிலில் டேப் பிசினாகி உரிந்து, ஒரு நாள் இரவு நெடுஞ்சாலையில் புகை வந்தது. உங்கள் கார் மாடலுக்கான அடாப்டர் கப்ளர் சொற்ப விலைதான். "கம்பெனி வயரை வெட்டக் கூடாது, கப்ளர் போட்டுத்தான் மாட்ட வேண்டும்" என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

புது செட்டின் வயர் நிறங்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். காரின் பக்கத்து நிறங்களை நம்பாதீர்கள், மல்டிமீட்டர் வைத்துச் சாவி போடாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை அளந்து முடிவு செய்யுங்கள். சாவியை எடுத்தால் கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அழிகின்றனவா? மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் செட் தூங்காமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும், நான்கு நாள் நின்ற கார் ஸ்டார்ட் ஆகாது.

ஸ்பீக்கரின் மைனஸை எக்காரணம் கொண்டும் காரின் பாடியில் எர்த் செய்யாதீர்கள். இந்த செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே ஆம்ப்ளிஃபயர் வேலை செய்கிறது, ஒன்றை எர்த்தில் தொட்டால் ஆம்ப்ளிஃபயர் சிப் போய்விடலாம்.

புது செட் போட்டதும் எஃப்எம் இரைகிறது.

ஆன்டெனாவுக்குள் குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கும் கார் அது, அதற்குக் கரன்ட் போகவில்லை. செட்டின் நீல வயரை அந்த ஆன்டெனா அடாப்டரின் வயரோடு சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்டீரிங்கில் இருக்கும் பொத்தான்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்குத் தனி அடாப்டர் உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் மறுபடி கழற்ற வேண்டும்.

பழைய செட் இருக்கட்டும், ஃபோன் பாட்டு மட்டும் வந்தால் போதும்.

முகப்பில் ஆக்ஸ் துளை இருந்தால் ஒரு ஒயர், அல்லது அதில் செருகும் சின்ன புளூடூத் துண்டு. துளை இல்லாமல் பின்னால் சிடி சேஞ்சர் (பல சிடிக்களை அடுக்கி வைத்து மாற்றி ஓட்டும் பெட்டி) போர்ட் இருந்தால், சேஞ்சர் மாதிரியே நடிக்கும் யுஎஸ்பி பெட்டிகள் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன, ஒலி நன்றாக இருக்கும். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கடைசி வழி, ஊருக்குள் அலைவரிசை நெரிசலில் இரையும்.

புது செட்களில் சிடி வாயே இல்லையே, என் சிடிக்கள்?

சிடி வாய் வைத்த செட் இன்னும் தேடினால் கிடைக்கும், சென்னை புதுப்பேட்டையில் பழைய செட்டும் கிடைக்கும். பழையது வாங்கினால் உங்கள் சிடியைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பார்த்துக் கடைசிப் பாட்டுவரை கேட்டு வாங்குங்கள், ரேடியோ கோடு கேட்கும் செட் என்றால் கோடு இல்லாமல் வாங்காதீர்கள்.

எது செய்தாலும், வீட்டில் எழுதிய சிடிக்களை இந்த வாரமே கம்ப்யூட்டரில் நகலெடுத்துவிடுங்கள். அவற்றில் பாட்டு இருப்பது ஒரு சாயப்பூச்சில், அது வெயிலிலும் சூட்டிலும் மங்கும், காருக்குள் கிடந்தவை இன்னும் சீக்கிரம் மங்கும். ஒரு மணி நேரப் பாட்டு எம்பி3-யில் நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஏறக்குறைய 144 எம்பி, ஒரு பென்டிரைவில் பெட்டி முழுவதும் அடங்கிவிடும். கல்யாணத்தில் பதிந்தது, தாத்தா பேசியது, பாப்பா மழலை பாடியது என்று கையெழுத்தில் எழுதி வைத்த சிடிக்களிலிருந்து ஆரம்பியுங்கள். மற்றவற்றை வேறு எங்காவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.